தாடை உயரத்தில் ஒரு கயிறு

"முதல்ல எதைப் பார்ப்பீங்க? முகத்தையா?" என்று அவர் கேட்டிருந்தார்.

"காலை" என்று அவள் சொல்லியிருந்தாள்.

"முகத்தைப் பாக்கவே மாட்டீங்களா?"

"முகத்தைப் பார்த்தா இந்த வேலையைச் செய்ய முடியாது."

கல்யாணத்துக்கு வெகு முன்பு, இறைச்சிக்கூடத்தின் பின்வாசலில் நடந்த பேச்சு அது. அவள் அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கால்நடை மருத்துவர். லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்க, ஓட்டுநர்கள் கதவைத் திறந்து, சாய்பலகையைத் தரையில் இறக்குவார்கள். மாடுகள் அதன் வழியே இறங்கி வரும். அவள் கீழே நின்று டார்ச்சைத் தாழப் பிடித்து, குளம்பு, கணுக்கால், முழங்கால் என்று பார்த்துக்கொண்டே வருவாள். நொண்டாமல், தள்ளாடாமல் நடந்து வருவது உள்ளே போகலாம். அப்படி ஒரு விடியலில் குளம்புகளுக்கு நடுவே தேய்ந்த செருப்பு போட்ட இரண்டு மனிதக் கால்கள் வெளிச்சத்தில் வந்து நின்றன. அதுதான் அவர். லாரி ஓட்டுநர்.

"படுத்துக்கிட்டு வர்ற மாட்டை என்ன பண்ணுவீங்க, டாக்டரம்மா?"

"உள்ள விடமாட்டேன். சொந்தக் கால்ல நடந்து இறங்கணும். அதுதான் சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான். சேர்ந்த அன்னிக்கே போட்டேன்."

"சரி, நானே படுத்துக்கிட்டு வந்தா?"

"நீங்களே ஆனாலும் சரி. நடந்து இறங்கினாத்தான் உள்ள."

அவர் திரும்பி மேலே ஏறினார். அணிவகுப்பில் வருகிற சிப்பாய்போல முழங்காலை உயர்த்தி உயர்த்தி, பலகை அதிர இறங்கி வந்து, அவள் முன்னால் நின்று சல்யூட் அடித்தார். கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பிறகு கல்யாணம் வரைக்கும் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "என் பொண்டாட்டி என் மூஞ்சியைப் பார்த்துக் கட்டிக்கல. காலைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டா" என்பார்.

இப்போது கொஞ்ச காலமாக அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

அவளுக்கு முதலில் உறுத்தியது படுக்கை விரிப்பு. இருவருக்கும் பொழுது முன்பின்னாகத்தான் போகும். அவர் இரவெல்லாம் லாரி ஓட்டி, விடியலில் இறைச்சிக்கூடத்தில் மாடுகளை இறக்கி, வண்டியைக் கழுவவிட்டு, வீட்டுக்கு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பகலில் தூங்குவார். அவள் விடியுமுன் கிளம்பி மத்தியானம் திரும்புவாள். கிளம்பும்போது அவருக்காகப் புது விரிப்பை விரித்து, நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகிவிட்டுப் போவது அவள் வழக்கம். திரும்பி வரும்போது அது கசங்கி, பாதி தரையில் கிடக்கும். அதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே மறுபடி விரிப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

அன்று மத்தியானம் விரிப்பு அவள் விட்டுப்போன மாதிரியே இருந்தது. நாலு மூலையும் செருகியபடி. தலையணையில் பள்ளமில்லை. கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

அறையில் திரைச்சீலை வழியே வந்த பழுப்பு வெளிச்சத்தில் துணி அலமாரி, மேசை விசிறி, மகளின் பழைய மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. விசிறி சுற்றுகிற சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தமும் இருந்தது. மெதுவான, கனமான மூச்சு. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, ஆள் ஒருவர் பக்கவாட்டில் மட்டுமே நுழையக்கூடிய இடைவெளியில், நெற்றியைச் சுவரில் சாய்த்து அவர் நின்றுகொண்டிருந்தார். இடது காலிலிருந்து வலது காலுக்கும், வலதிலிருந்து இடதுக்கும் உடம்பின் எடை மாறிக்கொண்டே இருந்தது.

"என்னங்க?"

அவர் கண் திறந்துதான் இருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"வண்டியிலேயே கொஞ்சம் தூங்கிட்டேன்மா. அதான் தூக்கம் வரல."

நின்றபடியேவா என்று கேட்க நினைத்து அவள் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முதுகு பிடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கசங்காத விரிப்பை எடுத்து உதறி மறுபடி விரித்தாள்.

அடுத்தடுத்த நாட்களிலும் விரிப்பு கசங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், பையைக்கூட இறக்காமல், அப்பா குதிரை மாதிரி நின்றுகொண்டே தூங்குகிறார் என்று சொல்லிச் சிரித்தாள். தானும் அப்படித் தூங்கப் பழகப்போவதாகச் சொல்லி அவர் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் நகர்ந்து மகளுக்கு இடம் விட்டார். அந்த நகர்வுதான் பார்த்துக்கொண்டிருந்த தாயின் மனத்தில் நின்றது. நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தில், பின்னால் இருப்பவர்களை முதுகால் தள்ளித்தள்ளி ஒருவர் இடம் உண்டாக்குவாரே, அப்படி. அவருக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது.

இடையிடையே அவர் ஏதோ சொல்ல வருவார். அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று, "உன்கிட்ட ஒன்னு கேக்கணும்" என்பார். கேளுங்களேன் என்று அவள் நிமிர்ந்தால் அவர் பார்வை அவள் முகத்தைவிட்டு மேசைமேல் இருக்கும் டார்ச்சுக்கோ, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் வெள்ளைக் கோட்டுக்கோ போகும். அப்புறம் கேட்கிறேன் என்று போய்விடுவார்.

இது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால் நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த ஒரு பழுப்புப் பசுதான் நினைவுக்கு வந்தது. அந்த நினைவை அவள் அவ்வளவாகத் தேடிப் போவதில்லை.

அன்று அவர் லாரியில் வந்த மாடுகள் எல்லாம் இறங்கிய பின்னும் அது மட்டும் இறங்கவில்லை. மூலையில் முன்னங்கால்களை மடித்து, மற்ற மாடுகள் மிதித்த காயங்களோடு படுத்திருந்தது. பின்னால் வேறு லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. அவர் கீழே இறங்கி வந்து, யாருக்கும் கேட்காத குரலில், கால் மரத்துப் போயிருக்கிறது, கொஞ்ச நேரம் படுத்திருந்து தண்ணீர் குடித்தால் எழுந்துவிடும் என்றார். அது உண்மையாக இருக்கலாம் என்று அவளுக்கும் தெரியும். எழாவிட்டாலும், அந்த இடத்திலேயே வலி தெரியாமல் அதை முடித்துவைக்க அவளிடம் ஊசிமருந்து இருந்தது. ஆனால் மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா வீட்டுக்காரர் வண்டிக்கு மட்டும் தனிச் சட்டம் என்று மறுநாளே பேச்சு கிளம்பும். நோய்ப்பட்டதும் அடிபட்டதும் உள்ளே வரக்கூடாது, அதிகமாக அடைத்து ஏற்றிவருகிறவர்களுக்குப் புத்தி வரவேண்டும் என்றுதானே அந்தச் சட்டத்தையே போட்டாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்றாள். "திருப்பி எடுத்துட்டுப் போங்க."

எங்கே எடுத்துப்போக என்று அவர் கேட்கவில்லை. பலகையைத் தூக்கிக் கதவைச் சாத்தினார். சாயங்காலம்தான் திரும்பி வந்தார். லாரி காலியாக இருந்தது. கால்சட்டை முழங்கால் வரை சேறாக இருந்தது. அவள் துவைத்துப் போட்டாள். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் லாரியில் ஒரு மாடுகூடப் படுத்து வந்ததில்லை. எல்லாம் தலையை நிமிர்த்தி நடந்து இறங்கும். மற்ற ஓட்டுநர்களிடம் அவள் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு கறி கறுக்க ஆரம்பித்தது.

குளிரறையைப் பார்த்துக்கொள்பவர் சிடுசிடுப்பான மனிதர். வேலையில் சுத்தம். கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் முக்காமல் இரண்டாவது வெட்டு வெட்டமாட்டார், காலணியை மருந்துத் தண்ணீரில் நனைக்காதவன் முதலாளியாகவே இருந்தாலும் வாசலில் நிறுத்திவிடுவார். அவர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, கொக்கியில் தொங்கிய ஒரு தொடைப் பகுதியைக் காட்டினார். நல்ல கறி வெட்டியபின் செந்நிறமாகி லேசான ஈரத்தோடு மின்னும். இது ஊதாக் கறுப்பாக, வறண்டு, பிசின்போல இருந்தது.

"கையுறையைக் கழட்டித் தொட்டுப் பாருங்க" என்றார்.

கழற்றக்கூடாது என்ற விதியை எழுதி ஒட்டியவளே அவள்தான். ஆனாலும் ஒரு விரலை வைத்தாள். கறி விரலைப் பிடித்துக்கொண்டது. இழுத்தபோது தோலோடு ஒட்டி எழும்பி, மனமில்லாமல் விட்டது. அந்தச் சில்லிட்ட அறையில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்ததுபோல அவளுக்குத் தோன்றியது. குளிரறையில் அப்படி இருக்க வழியில்லை.

"களைச்சுப்போன மாட்டுக் கறி இது" என்றார் அவர். "வெட்டுறதுக்கு முன்னாடி நாள்கணக்கா உக்காராம படுக்காம இருந்திருக்கணும். சீக்கிரம் கெட்டுப்போகும். வெளிய அனுப்பாதீங்க."

எந்த லாரியில் வந்தது என்று அவள் கேட்டாள். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை மறுபடி கொதிக்கும் தண்ணீரில் முக்கினார்.

அன்று முழுவதும் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காத்திருப்புக் கொட்டிலுக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கணவர் விடியலில் இறக்கிய மாடுகள் அங்கே நின்றன. புதிதாக வைக்கோல் பரப்பியிருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. மற்ற லாரிகளில் வந்தவை எல்லாம் படுத்து அசைபோட, இவை மட்டும் ஒரு மூலையில் நெருக்கி நின்று, இல்லாத ஆட்டத்துக்கு ஏற்ப அசைந்துகொண்டிருந்தன. வாடிக்கையை மீறி அவள் டார்ச்சை மேலே தூக்கினாள். ஒவ்வொன்றின் தாடைக்குக் கீழும் ரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, ஒரு வளையம்.

அந்த வளையத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். நிமிர்ந்த தலைகளுக்கு அடியில், கால்களைப் பார்த்துவரும் கண்ணில் தற்செயலாகப் பட்டிருக்கிறது. படர்தாமரை என்று முடிவுகட்டி, மாடு வளர்ப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லிக் களிம்புக் குழாய்களை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினாள். அவரும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவள் லாரி கழுவும் இடத்துக்கு நடந்தாள். கழுவுகிறவர் வயதில் மூத்தவர், அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். குழாயைக் கையில் பிடித்தபடி, உள்ளே தண்ணீர் அடிக்காமல், அவள் கணவரின் லாரிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு அடிச்சாலும் இந்த வண்டி காலியாக மாட்டேங்குது, தங்கச்சி."

"நாத்தம் போகலையாண்ணா?"

"நாத்தம் இல்ல. பாரம்."

சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரும்புப் பட்டைகளைக் காட்டினார். பாரம் இறங்கினால் அவை வில்போல வளைந்து நிற்கவேண்டும். இப்போது முழுப் பாரம் ஏற்றியதுபோலத் தட்டையாக அமுங்கியிருந்தன. பட்டை பழசாகியிருக்கும் என்றாள் அவள். அவரும் இருக்கலாம் என்று தலையை ஆட்டினார். ஆனால் உள்ளே ஏறிக் கழுவுவதை எப்போதோ விட்டுவிட்டதாகவும், வெளியிலிருந்தே பீய்ச்சிவிடுவதாகவும், நீங்களே ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்றும் சொன்னார்.

அவள் ஏறினாள். இருபக்கச் சுவரிலும் வரிசையாக இரும்பு வளையங்கள் பற்றவைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றுச் சுருக்கு. எல்லாம் மாட்டின் தாடை உயரத்தில். தலையை அதில் தூக்கிக் கட்டிவிட்டால் நிற்கலாம், மூச்சு விடலாம். முழங்கால் மடிந்தால் கழுத்து இறுகும். படுக்க மட்டும் முடியாது. கயிறுகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. ரோமம் ஒட்டியிருந்தது. பழுப்பு, வெள்ளை, கறுப்பு.

ஒரு சுருக்கு மட்டும் மற்றவற்றைவிட உயரத்தில் இருந்தது. அவள் நெற்றிக்கு நேராக. அதில் ரோமம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். எப்படி மனசு வந்தது உங்களுக்கு என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அவர் திருப்பிக் கேட்டால்? நீதானே சொன்னாய், நடந்து இறங்கினால்தான் உள்ளே என்று அவர் சொல்லிவிட்டால்? படுத்துவிட்டதைத் திருப்பி அனுப்பியவள் அவள். படுக்கவிடாமல் கொண்டுவந்தவர் அவர். இரண்டு பேரில் யார் அந்தக் கயிற்றை முதலில் கட்டியது என்று யோசிக்காமல் இருக்க அவள் நடையை எட்டிப்போட்டாள்.

குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே களிம்புக் குழாய் இருந்தது. கடைசி வரைக்கும் பிதுக்கிச் சுருட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று, பாதி காலி.

அவர் முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார். தாடைக்குக் கீழே, காதிலிருந்து காதுவரை, மயிர் முளைக்காத சிவந்த வளையம். பிளேடு பட்டது என்றார், அவள் கேட்காமலேயே.

அவள் துண்டை எடுத்து நீட்டினாள். அவர் கையைப் பிடித்துப் படுக்கைக்கு அழைத்துவந்தாள். எத்தனை நாள் தூக்கம் இது? கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிவிட்டது. இந்த நிலையில் இன்றும் லாரி எடுத்தால் எங்காவது கொண்டுபோய் மோதுவார். திரும்பி வரமாட்டார். முதலில் தூங்கவைக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

"படுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். சிறுபிள்ளைபோல அவளுக்குக் கட்டுப்பட்டார். தோளைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தாள். முதுகு பாதி சாய்ந்ததும் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. கண் அகலத் திறந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றி, தரையை ஒட்டி, ஒவ்வோர் இடமாகப் பார்த்தார்.

"இடம் இல்லம்மா."

"கட்டில் முழுக்க இடம்தாங்க."

"படுத்தா மிதிச்சிடும்."

விசிறி சுற்றியது. அதற்கு அடியில் மூச்சு. அவர் மூச்சு ஒன்று. அவள் மூச்சு ஒன்று. மற்றவை யாருடையவை என்று அவள் எண்ணவில்லை. அறை வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. ஈர வைக்கோல் வாடை. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. அவள் பாதத்தின் மேல் ஏதோ கனமாக, மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோல மிதித்துவிட்டு நகர்ந்தது.

குனிந்து பார்த்தாள். தரை வெறுமையாக இருந்தது. பாதத்தின் மேல் அரைவட்டமாக ஒரு சிவப்பு.

மறுநாள் மகளை அவளுடைய அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். என்னம்மா திடீரென்று, அண்ணனோடு சண்டையா என்று நாத்தனார் போனில் கேலி செய்தாள். வீட்டில் எறும்பு மருந்து அடிக்கிறோம் என்று இவளும் சிரித்துச் சமாளித்தாள். குழந்தை போகும்போது அப்பாவை உட்காரச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லாரிச் சாவியை எடுத்துத் தன் வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டாள். சாவி இல்லாமல் அவர் எங்கே போவார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். நான் போட்ட சட்டத்தை நானே எடுத்துவிடுகிறேன். படுத்தது படுத்தபடியே வரட்டும், நான் மேலே ஏறிவந்து பார்க்கிறேன். நீங்கள் கயிற்றை அறுத்துவிடுங்கள். அவ்வளவுதான். இதைச் சொல்ல இத்தனை நாளா?

பொழுது சாயும் நேரத்தில், வழக்கமாக அவர் கிளம்புகிற நேரத்தில், அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அலமாரி இடைவெளியில் அவர் இல்லை. கட்டிலிலும் இல்லை. குளியலறையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கோட்டைத் தேடிக் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

வாசலில் அவளுடைய ரப்பர் பூட்ஸும் இல்லை. மேசைமேல் டார்ச்சும் இல்லை.

சாவிக்காக அவர்தான் எடுத்திருக்க வேண்டும். பூட்ஸ் எதற்கு? அவருக்கு அது பாதிக் கால்கூட நுழையாதே.

வீட்டை ஒட்டிய காலி மனையில், கழுவியபின் வழக்கமாகக் கொண்டுவந்து விடுகிற இடத்தில், லாரி நின்றது. எஞ்சின் ஓடவில்லை. பின்கதவு திறந்திருந்தது. பலகை இறங்கியிருந்தது. சக்கரத்தின் மேல் பட்டைகள் தட்டையாக அமுங்கியிருந்தன. காற்று இல்லை. ஆனாலும் லாரி லேசாக, மிக லேசாக, இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது.

"என்னங்க?"

உள்ளிருந்து கால் மாற்றிக்கொள்ளும் சத்தம்.

அவள் பலகையில் ஏறினாள். மரம் ஈரமாக இருந்தது. வாசல்வரை சாயங்கால வெளிச்சம். அதற்கு அப்பால் கறுப்பு. கையை முன்னால் நீட்டி ஓர் எட்டு வைத்தாள். இன்னோர் எட்டு. விரலில் ரோமம் பட்டது. வெதுவெதுப்பான, வியர்த்த ரோமம். அதற்கடியில் விலா எலும்பு ஏறி இறங்கியது.

கையை இழுத்துக்கொண்டாள். முழங்கை வேறொன்றில் இடித்தது. அதுவும் வெதுவெதுப்பு.

"நான்தாங்க. வீட்டுக்குப் போகலாம். வாங்க."

அவர் லாரியின் உள்கோடியில் நின்றார். உயரமான அந்தச் சுருக்கில் தாடை. தலை நிமிர்ந்திருந்தது. அவரிடம் போவதற்கு வழி இல்லை. ஆனால் வழி விட்டார்கள். இரண்டு பக்கமும் கனமான உடம்புகள் முக்கி, தள்ளி, நகர்ந்தன. அவள் உள்ளே போகப் போகப் பின்னால் மூடிக்கொண்டன.

அவர் தோளைத் தொட்டாள். நடுங்கிக்கொண்டிருந்தது. முடிச்சைத் தேடிப் பிரித்தாள். நகம் பெயர்ந்தது. கயிறு விட்டது.

"வாங்க. ரெண்டு எட்டு. வெளிய போயிடலாம்."

அவர் காலை எடுத்துவைத்தார். முழங்கால் மடிந்தது. அவள் தாங்கிப் பிடித்தாள். அவர் முழு எடையும் அவள்மேல். அவளுக்கும் கால் மரத்திருந்தது. எப்போதிலிருந்து? இப்போதுதானே ஏறினாள். தொடை நடுங்கியது. பாதத்துக்கு அடியில் தரை வழுக்கியது. தொண்டை வறண்டிருந்தது, நாள்கணக்காகத் தண்ணீர் காணாததுபோல. தாடைக்குக் கீழே ஏதோ உரசியது. சொரசொரவென்று.

பக்கத்தில் ஒரு தலை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அது மட்டும் தாழ இருந்தது. மற்றவற்றின் கால்களுக்கு நடுவே.

இறங்கிவிடலாம். பலகை அங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் தெரிகிறது.

வெளிச்சத்தில் யாரோ நின்றார்கள்.

பலகையின் அடியில். ரப்பர் பூட்ஸ். முழங்கால் தாண்டித் தொங்கும் வெள்ளைக் கோட்டு. ஒரு கை இடுப்பில். மறு கையில் டார்ச். அதைத் தாழப் பிடித்திருந்த விதம். மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி, கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து. அவளுக்குத் தெரிந்த விதம். அவள் மட்டுமே பிடிக்கிற விதம்.

முகம் தெரியவில்லை. இங்கிருந்து பார்த்தால் முகம் தெரியாது. இத்தனை வருஷமாக எந்த மாட்டுக்குமே தெரிந்திருக்காது.

டார்ச் வெளிச்சம் பலகையில் ஏறியது. உள்ளே வந்தது. குளம்பு. குளம்பு. குளம்பு. தேய்ந்த செருப்பு போட்ட இரண்டு கால்கள். அதன்மேல் நின்றது. முழங்கால் மடிந்திருப்பதைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் இருந்த வெறுங்கால்களுக்கு நகர்ந்தது. அவள் கால்கள். அவள் நேராக நிற்க முயன்றாள். மேலே தூக்கு, முகத்தைப் பார் என்று கத்த நினைத்தாள். நாக்கு தடித்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

வெளிச்சம் மேலே வரவில்லை.

உள்ளே மூச்சுகள் எல்லாம் ஒன்றாக நின்றன. எல்லாத் தலைகளும் வாசலைப் பார்த்துத் திரும்பின. அவள் தோளில் சாய்ந்திருந்த கணவர் தலையை நிமிர்த்தினார். அவளைத் தாண்டி, கீழே நின்ற வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். எத்தனையோ நாள் வாசல்வரை வந்து, அப்புறம் கேட்கிறேன் என்று விழுங்கிவிட்டுப் போனது இப்போது வாய்வரை வந்தது. குரல் மிக மெதுவாக, மிக மரியாதையாக இருந்தது. என்ன பதில் வரும் என்று லாரிக்குள் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா, டாக்டரம்மா?"